புண் ஆற வேண்டும், காயக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அடிபட்டவரைப் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது "புண் காஞ்சிடுச்சா?" என்றுதான். ஆறுவதையும் காய்வதையும் ஒரே பொருளில் பேசிப் பழகிவிட்டோம். பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை, செய்கையிலும் அது வந்துவிட்டது. புண்ணைத் திறந்து போட்டுக் காற்றாட விடுகிறோம். ஈரம் தெரிந்தால் பவுடரைக் கொட்டுகிறோம், மஞ்சளை அப்புகிறோம். மேலே கெட்டியாகப் பொருக்குத் தட்டினால் நிம்மதி அடைகிறோம். புண்களுக்குக் கட்டுப் போடுவதையே அன்றாட வேலையாகக் கொண்ட நாங்கள், ஆறுவது வேறு, காய்வது வேறு என்பதை உங்கள் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

தோல் கிழிந்த சில நிமிடங்களில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசிவை அடைக்கின்றன. ஃபைப்ரின் என்னும் நூல்வலை அதன்மேல் பின்னிக்கொள்கிறது. அதே நேரத்தில், தோலின் உள்ளடுக்கில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது பக்கத்தில் உள்ள நுண்குழாய்களை விரித்து, குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு உண்டாக்குகிறது. ரத்தம் கூடுதலாக வருவதால் அந்த இடம் சிவந்து சுடுகிறது, நீர் கசிந்து வீங்குகிறது. பிராடிகைனின், புராஸ்டகிளாண்டின் என்னும் வேறு வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலிக்கிறது. அழற்சி எனப்படும் இதன் அடையாளங்களான சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். எதற்காக இது நடக்கிறது என்பது புரிய 1882 வரை ஆயிற்று. சிசிலித் தீவின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி, நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள் உண்டு என்று காட்டியதற்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் தோலிலும் அதுவே நடக்கிறது. நுண்குழாய் இடுக்கு வழியே நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் வரத் தொடங்கி, முதல் இரண்டு நாள்களில் பெருகி நிற்கும். கிருமியை விழுங்கிவிட்டுத் தாமும் மடியும். மூன்றாம் நாளை ஒட்டி மேக்ரோஃபேஜ்கள் என்னும் பெரிய விழுங்கும் செல்களின் கை ஓங்கும். இறந்த செல்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்வதும், "இனிக் கட்டலாம்" என்று அடுத்த செல்களுக்குச் சைகை கொடுப்பதும் இவைதான். ஆகவே முதல் மூன்று நாள் சிவப்பையும் லேசான வீக்கத்தையும் பார்த்துப் பதறத் தேவையில்லை. அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'செட் மாத்திரை'யில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், வீக்கம் வடிவதோடு துப்புரவுப் பணியும் நின்றுவிடும். புண் பார்வைக்கு அமைதியாகத் தெரியும், உள்ளே ஆறாது. ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பைப் புண்ணில் தடவுவதும் இதே தவறுதான்.

ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால் அது வேறு. சந்தேகம் இருந்தால் சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைத்து, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால், வலி கூடினால், காய்ச்சலோ நாற்றமோ வந்தால், சிவப்புக் கோடு ஒன்று கையிலோ காலிலோ மேலேறினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி ஈரத்துக்கு வருகிறோம். புதுத் தோல் புண்ணின் ஓரத்தில் இருக்கும் செல்கள் நகர்ந்து வந்து மூடுவதால் உண்டாகிறது. அந்தச் செல்கள் ஈரமான பரப்பில்தான் நகரும். மேலே பொருக்குத் தட்டினால், காய்ந்த பகுதிக்கு அடியில் ஈரம் எங்கே இருக்கிறதோ அந்த ஆழம்வரை இறங்கி, வழியில் உள்ள ஃபைப்ரினை நொதிகளால் கரைத்துக்கொண்டு ஊர்ந்தாக வேண்டும். 1962-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் விண்டர் இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடியவற்றில் தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் இதே போக்கு தெரிந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் நம் வீடுகளில் மின்விசிறிக்கு நேரே காலை நீட்டிப் புண்ணைக் 'காய வைக்கிற' வழக்கம் போகவில்லை.

உலர்ந்த காஸ் துணியைப் புண்ணிலிருந்து உரிக்கும்போது நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். துணி விடாமல் ஒட்டியிருக்கும். இழுத்ததும் புண்ணின் சிவந்த பரப்பில் ஊசி முனை அளவில் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும். அந்த ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று நாள் பாடுபட்டு முளைத்த நுண்குழாயின் வளைவு. துணியோடு சேர்ந்து வந்த மெல்லிய படலம் புதுத் தோல். உராய்ந்த சிராய்ப்பில் இன்னொன்றும் தெரியும். நடுவே அங்கங்கே கடுகுக்கும் சிறிதாக வெளிறிய புள்ளிகள் இருக்கும். அவை மயிர்க்கால்களிலிருந்து கிளம்பிய தோல் தீவுகள், சுற்றிலும் படர்ந்து ஒன்றோடொன்று சேரப் போகிறவை. சீழ் என்று நினைத்து அவற்றைத் துணியால் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள்! காஸ் ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட்டு எடுத்தால் தானாகக் கழன்றுவிடும்.

சாதாரணச் சிராய்ப்புக்கும் சிறு வெட்டுக்கும் வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் அடைப்பு கலைந்துவிடும். பிறகு குடிக்கத் தகுந்த ஓடும் நீரில் கழுவுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 50 முதல் 100 மில்லி என்பது கணக்கு. நான்கு சென்டிமீட்டர் வெட்டுக்கு 200 முதல் 400 மில்லி வேண்டும். பஞ்சில் தொட்டு ஒற்றி எடுப்பது கழுவுவது ஆகாது. தார்ச்சாலையில் விழுந்த சிராய்ப்பில் மண் துகள் தங்கினால் தோலுக்குள் நிரந்தரக் கறையாக நின்றுவிடும். கழுவிய பின் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத காஸ் வைத்து மூடுங்கள். ஆன்டிபயாட்டிக் களிம்பு கட்டாயமில்லை. சிறு அறுவைக் காயங்களில் பாசிட்ரேசின் களிம்பையும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் ஒப்பிட்டு 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தொற்று விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கட்டை நாளுக்கு ஒரு முறை, அல்லது நனைந்தவுடன் மாற்றுங்கள். சுற்றியுள்ள தோல், துணி துவைத்த விரல் போல வெளுத்து ஊறினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். ஜெல்லியைக் குறைத்துக் கட்டை அடிக்கடி மாற்றினால் சரியாகும்.

புண்ணில் ஒட்டாத உறை வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. அம்மை கண்டவரை வாழையிலையில் படுக்க வைத்ததில் இந்த அறிவு இருந்தது. கிருமி நீக்கிய வாழையிலையை, வேறு இடத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடங்களுக்குக் கட்டாக வைத்து நம் நாட்டு மருத்துவர்களே பயன் கண்டிருக்கிறார்கள். சந்தையில் வாங்கிய இலையை அப்படியே வைக்கக் கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று மகிழ்கிறோம். நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் நொதி அதைச் சிதைப்பதால் ஆக்சிஜன் வெளியேறுகிறது, நுரை அதுதான். கிருமியே இல்லாத ரத்தத்திலும் அது நுரைக்கும். தினமும் ஊற்றினால் புதுத் தோல் செல்களும், நார் பின்னும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் சாகும். ஸ்பிரிட்டும் அப்படியே. முதல் உலகப் போரில் பிரான்சின் புலோன் நகர ராணுவ மருத்துவமனையில் இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி முட்கள் போல இழுத்துப் பல இடுக்குகள் கொண்ட செயற்கைப் புண் ஒன்றைச் செய்தார். அதில் கிருமிநாசினியை ஊற்றிப் பார்த்தபோது இடுக்குகளில் கிருமிகள் பிழைத்துக்கொண்டன. ஆழமான காயங்களில் அந்த மருந்துகள் கிருமிகளைவிட வெள்ளணுக்களையே அதிகம் அழிக்கின்றன என்று அவர் எச்சரித்தார். அவர் பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குப் பத்தாண்டு முந்தைய செய்தி இது.

தீக்காயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நடுவில் வெந்து செத்த செல்களை மீட்க முடியாது. அதைச் சுற்றி, ரத்த ஓட்டம் மந்தமாகி, பிழைப்பதா சாவதா என்று நிற்கும் வளையம் ஒன்று உண்டு. முதல் ஓரிரு நாளில் அதன் விதி முடிவாகும். குழாய் நீரில் 20 நிமிடம் காட்டினால் அந்த வளையத்தைப் பெருமளவு காக்கலாம். மூன்று மணி நேரம் கடந்துவிடவில்லை என்றால் தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வைத்தால் குழாய்கள் சுருங்கி அந்த வளையமும் செத்துப் போகும். பற்பசை, இங்க், இட்லி மாவு, காபித் தூள் எல்லாம் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடிகிறது.

தையல் போட்டவர்கள் பத்து நாள் குளிக்காமல் இருக்கிறார்கள். நேராகச் சேர்த்துத் தைத்த வெட்டில் 48 மணி நேரத்துக்குள் மேல்தோல் செல்கள் இருபுறமிருந்தும் வந்து சந்தித்துவிடும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம், குளத்திலோ தொட்டியிலோ முங்கக் கூடாது. தோல் மூடியது என்பதற்காக வலு வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஒரு வாரத்தில் தையல் பிரிக்கும்போது அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 70 முதல் 80 சதவீதம் வரும், முழு வலு ஒருபோதும் திரும்பாது. வயிற்று அறுவை முடிந்த மறுவாரமே தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் ரொட்டியும் கொடுப்பது எங்களுக்குப் பெரிய வேதனை. கொலாஜன் என்னும் நார், புரதத்தால் ஆனது. படுக்கைப் புண் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கொலாஜனின் மூன்று இழைகளும் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி தேவை. 1740-இல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கடற்பயணத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்தபோது, ஐம்பது ஆண்டுக்கு முன் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்டு ஆறிய காயம் ஒரு முதிய வீரருக்கு மறுபடி திறந்துகொண்டது. தழும்பையும் உடல் நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ போதும், விலை உயர்ந்த டானிக் வேண்டாம்.

சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை மிகுந்தால் நியூட்ரோஃபில்கள் மந்தமாகும், மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே தங்கிவிடும், கட்டும் வேலை தொடங்காது. அதைவிடக் கொடியது உணர்ச்சி மரத்துப் போவது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை', அது ஆறாது என்ற நம்பிக்கையை உடைத்தார். வலி தெரியாததால் அதே இடத்தில் மறுபடி மறுபடி மிதிக்கிறார்கள், மிதிக்காமல் மாவுக்கட்டுப் போட்டுக் காத்தால் மற்றவர்களைப் போலவே ஆறுகிறது என்று காட்டினார். அந்த அறிவுதான் இன்று சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கும் அடிப்படை. எவ்வளவு விலை கொடுத்துக் களிம்பு வாங்கினாலும், அதே காலில் நடந்தால் ஆறாது. புண்ணின் நீள அகலத்தை வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகவாவது குறையாவிட்டால் சிகிச்சையை மாற்ற வேண்டும்.

ஈரம் கூடாத இடங்களும் உண்டு. ரத்த ஓட்டம் இல்லாமல் கருத்துக் காய்ந்துபோன கால்விரலை நனைக்கக் கூடாது. நனைந்தால் கிருமி புகுந்து அழுகல் மேலேறும். ரத்தக் குழாயைப் பரிசோதிக்கும்வரை அது உலர்ந்தே இருக்கட்டும். பச்சிளங்குழந்தையின் தொப்புள்கொடியும் உலர்ந்துதான் விழ வேண்டும். நாய்க்கடியை மூடிக் கட்டக் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்கு ஓட வேண்டும், மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஆணி குத்தினாலோ மண் படிந்த காயம் என்றாலோ, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் இன்னொன்று போட வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் வீட்டுக் குறிப்புப் பகுதிகளில் "சுட்ட இடத்தில் பற்பசை தடவலாம்", "புண் சீக்கிரம் காய மஞ்சள் பூசலாம்" போன்றவை அடிக்கடி இடம்பெறுகின்றன. அச்சில் வந்தால் மக்கள் நம்பிவிடுகிறார்கள். உங்கள் இதழில் இவற்றைத் தவிர்த்து, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தினமும் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக "தீ சுட்டால் 20 நிமிடம் குழாய் நீர். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்" என்று மட்டும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
காயப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள்,
மதுரை.