செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

நம் மன்றத்தின் பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. மறைந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

புதிய சட்டங்களையும் தீர்ப்புகளையும் தமிழில் எளிய குறிப்பாக எழுதி, மாதம் ஒரு கூட்டத்தில் விளக்கும் வேலையை இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டேன். "இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று சென்ற பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். ஏப்ரலில் பதில் கிடைத்தது. விற்பவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாடு பதிவு விதி (55-ஏ விதியின் முதல் பகுதி) செல்லாது என்று 7.4.2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்லவாம். உடனே "இனி மூலப்பத்திரமே வேண்டாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. பதிவு ஆனதாலேயே விற்றவரிடம் இல்லாத உரிமை வாங்கியவருக்கு வந்துவிடாது. பார்க்காமல் வாங்கினால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். மூலப்பத்திரத்தை மறுபடி கட்டாயமாக்கச் சட்டமன்றத்தில் பதிவுச் சட்டத் திருத்த மசோதா வந்த கதையையும் சொன்னேன். கேட்க வந்தவர்கள் பதினொரு பேர். வராதவர்களில் ஆறு பேர் இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் போட்டு அதையே கேட்டார்கள். சந்தா பாக்கிப் பட்டியலிலும் அந்த ஆறு பெயர்களும் இருக்கின்றன, தற்செயலாக இருக்கலாம்.

சினிமா சட்டத்தின் 2023 திருத்தம் பற்றி ஒரு கூட்டம். தணிக்கைச் சான்றுக்கு இனி பத்தாண்டுக் கெடு இல்லை. திருட்டுப் பதிவுக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

பதிப்புரிமைக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1957 சட்டத்தின் 57ஆம் பிரிவுக்கென்றே தனிக் குறிப்பு எழுதினேன். பதிப்புரிமையை விற்றுவிட்டாலும், எழுதியது நான்தான் என்று சொல்லும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாது என்பது அந்தப் பிரிவு. இரண்டு வாரத்தில் அதே பக்கங்கள் போட்டோவாக எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தன. அடியில் இருந்த என் பெயரையும் மன்றத்தின் பெயரையும் பக்குவமாக வெட்டியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் நான் பேனாவால் திருத்திய எழுத்துப்பிழை மட்டும் அப்படியே இருந்தது. வெட்டியவர் யார் என்று இங்கே கேட்கப் போவதில்லை. வந்திருக்கவும் மாட்டார்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஜெராக்ஸ் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. அதைக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்கள், நாற்காலி போட்டவர்கள், தலைவர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன். கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது நம் சட்டம். செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி கேட்டு ஒரு கதை வாங்கியவருக்கு அது பொருந்துமா? பேச நான் தயார். வேறு யாராவது செயலாளராக வந்து பேசினாலும் சரி. கோப்புகளையும் பீரோ சாவியையும் இன்றே ஒப்படைக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

– செயலாளர்