'முதல் படம்' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது? மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய நாடகக்காரர்களைப் பற்றி நீங்கள் கொண்டுவரப்போகும் மலருக்குக் குறிப்புகள் எழுதித் தரச் சொல்லி அனுப்பிய படிவம் கிடைத்தது. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் ஒரு கட்டம். அதில் பெயர், பிறந்த ஊர், முதல் படம், மொத்தப் படங்கள், விருதுகள். சரி, வேலை சுலபம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் சங்கரதாஸ் சுவாமிகள். அவரை விட்டுவிட்டு வேறு யாரிடமிருந்து தொடங்குவது? பெயர் எழுதினேன், தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி என்று ஊரையும் எழுதினேன், 'முதல் படம்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. மனிதர் 1922 நவம்பரில் புதுச்சேரியில் கண்ணை மூடிவிட்டார். தமிழில் பேசும் படம் வந்ததே 1931 கடைசியில். அப்புறம் விருதுகள். அதுவும் காலி. ஆக, தமிழ் நாடக மேடைக்கே தலைமை ஆசிரியராக இருந்தவரின் கட்டத்தில் பெயரும் ஊரும் மட்டும்தான் மிஞ்சுகின்றன.

அடுத்து, மேடையில் பாடி நடித்தே பெயர் வாங்கிய கிட்டப்பா. 1933-ல் 27 வயதில் போய்விட்டார், ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அந்தக் குரலில் இன்று நமக்கு மிச்சம் இருப்பது பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளில் இருப்பதுதான். அவருக்கும் கோடு போட்டுவிடவா? கே.பி. சுந்தராம்பாளுக்கு மட்டும் கட்டம் ஜோராக நிரம்பும். 'நந்தனார்', 1935, சம்பளம் ஒரு லட்சம் என்று எல்லோரும் எழுதுவதை நானும் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு லட்சம் கொடுக்கத் தூண்டியது எது? சிறு வயதிலிருந்து மேடையில் பாடிப் பாடி, மைக் இல்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் சாரீரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த வருடங்கள் இல்லையா? கொழும்பில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்ததும், அவர் இறந்த பிறகு ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்ததும் உங்கள் கட்டத்தில் எந்த வரியில் வரும்?

என் மனத்தாங்கல் இவ்வளவுதான். நாடகத்தை நீங்கள் சினிமாவுக்கு ரயில் ஏறுகிறவர்கள் காத்திருக்கும் பிளாட்பாரமாக வைத்திருக்கிறீர்கள். 'நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த இவர்' என்று அரை வரி, அடுத்த வரியிலேயே வெள்ளித்திரை. சிவாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் 'பராசக்தி' வந்தபோது புதுமுகம் என்று சொன்னார்கள். அந்தப் புதுமுகம், ஏழெட்டு வயதில் தனக்கு யாருமில்லை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் கட்டி, ஆண் வேடத்துக்கு மாறி, அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நின்று பெரியார் வாயால் பட்டப்பெயரும் வாங்கியிருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவர் எப்படி ஐயா புதுமுகம்?

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று இப்போது படிப்பவர்களுக்கு யாராவது நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த மாதிரி மலர்கள். பையன்களை வைத்தே நாடகம் போட்ட கம்பெனி அது. ஏழு வயதுப் பையனைக் கொண்டுபோய் விடுவார்கள். கம்பெனி வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம், பாடம் எல்லாம். முதலில் கூட்டத்தில் ஒருவன், அப்புறம் பாலபார்ட் (சிறுவன் வேடம்), முகம் லட்சணமாக இருந்தால் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), குரலும் உடம்பும் கைகொடுத்தால் ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்). இந்த ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் மகரக்கட்டு, அதாவது வயதுக்கு வரும்போது குரல் உடைவது, வந்துவிடும். நேற்று வரை ஐந்து கட்டை உச்ச சுருதியில் பாடிய பையன் இன்று வாயைத் திறந்தால் தகரம் கிழிகிற சத்தம். அன்றோடு அவன் மார்க்கெட் முடிந்தது. பதினாலு வயதில் ஓய்வு பெற்ற நட்சத்திரங்கள் இருந்த ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும். பி.யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர், குரல் உடைந்ததும் வெளியே வந்து சிலம்பம், பளு தூக்குதல் என்று இறங்கிவிட்டார். திரும்பி வந்து 1936-ல் 'சந்திரகாந்தா'வில் தலைகாட்டினார். நீங்கள் எழுதப்போவது அந்த 1936-ஐ. நடுவில் கிடந்து தவித்த வருடங்களை யார் எழுதுவது?

வாத்தியார்களுக்கு இதைவிட மோசம். அந்தக் காலத்தில் டைரக்டர் என்ற பேச்சே கிடையாது, வாத்தியார்தான். கதை எழுதி, பாட்டு கட்டி, வசனம் சொல்லிக் கொடுத்து, தப்பாகச் சொன்னால் பிரம்பை எடுத்து, நாடகம் நடக்கும்போது பக்கத்தில் படுதா மறைவில் நின்று வாயசைக்கிற ஆள். சங்கரதாஸ் சுவாமிகளே முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேடங்கள். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது அவரைப் பார்த்த ஒரு கர்ப்பிணி பயந்து விபரீதமாகிவிட்டது, அன்றோடு வேடம் கட்டுவதை விட்டு வாத்தியாராகிவிட்டார் என்று சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ. ஆனால் அவரிடம் 1918-ல் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்து சொந்தக் கம்பெனி நடத்தினார்கள், அவர்களில் சண்முகம் சிறுவனாக அபிமன்யு வேடம் கட்ட ஒரே ராத்திரியில் சுவாமிகள் நாடகம் எழுதிக் கொடுத்தார், அதே சண்முகம் பின்னால் அவ்வையாராக நடித்துப் பெயர் வாங்கி இன்று சென்னையில் ஒரு சாலையாகவே ஆகிவிட்டார்.

எம். கந்தசாமி முதலியாரை எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜா ராணி, புராணம் என்று போய்க்கொண்டிருந்த மேடைக்கு ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களைக் கொண்டுவந்து, கோட்டு சூட்டு போட்ட மனிதர்களைப் பேச வைத்தவர். சின்னப்பாவின் 'சந்திரகாந்தா'வும் அந்த வழியில் வந்த கதைதான். 1936-ல் வந்த 'சதிலீலாவதி'யில் கதாநாயகன் எம்.கே. ராதா, முதலியாரின் மகன். சின்ன போலீஸ் வேடத்தில் வந்த எம்.ஜி.ஆர்., முதலியாரிடம் பாடம் கேட்டவர். உங்கள் பட்டியலில் மகனும் மாணவரும் இருக்கிறார்கள், வாத்தியாரைக் காணோம்.

பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக நாடகம் போட்ட சபாக்காரர்கள் கதை வேறு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, பகலில் கோர்ட்டும் மாலையில் ஒத்திகையுமாக வாழ்ந்து, நீதிபதியாகவும் இருந்தவர். அவருக்கு நாடகம் சோறு போடவில்லை, போடவும் வேண்டியிருக்கவில்லை. தன் நினைவுகளை விலாவாரியாக எழுதி வைத்தும் போனார். கம்பெனிப் பையன்களில் அப்படி எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இனி வானொலி. படிவத்தில் அந்தச் சொல்லே இல்லை, அதனால் கொஞ்சம் சொந்தக் கதை.

சென்னை நிலையம் 1938 ஜூனில் வந்தது, திருச்சி அதற்கு அடுத்த வருடம். டேப் புழங்குவதற்கு முன்னால் நாடகம் நேரடியாகத்தான் போகும். ஒருவர் வசனத்தை விட்டால் மாகாணமே கேட்கும், முடிந்ததும் காற்றோடு போய்விடும். என் தாய்மாமா ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பிற்பாடு டேப் வந்த காலத்தில், ஆடிஷனில் தேறி திருச்சி வானொலி நாடகங்களில் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தார். அவர் வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. எல்லாம் தனித்தனித் தாள்கள். பின் குத்தினால் புரட்டுகிற சத்தம் மைக்கில் விழும் என்பதால் ஒவ்வொரு தாளாக உருவிக் கீழே நழுவ விடுவார்களாம். ஓரத்தில் பென்சிலில் குறிப்புகள். 'ஒரு அடி பின்னால்.' 'கொட்டாங்கச்சி நின்ற பிறகு.' (குதிரைக் குளம்படிதான் அந்தக் கொட்டாங்கச்சி.) ஒரு கிழவர் சாகிற காட்சியில், 'இருமல் இரண்டு. மூன்றாவது வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்த மூன்றாவது இருமலை வேண்டாமென்று சொன்னது அவரா, நாடகத்தைத் தயாரித்தவரா, தெரியாது. யாராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர்.

நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளர் பெயர்களை வாசிப்பார், நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் அதற்குள் ரேடியோவை அணைத்துவிடக் கூடாது என்று அம்மா வாசலிலிருந்தே கத்துவாள். தம்பி பெயர் வரும் வரைக்கும் அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் பரவாயில்லை. மேடை நாடகத்துக்காவது நோட்டீஸ் இருந்தது, யாராவது ஒருவர் பெட்டியில் மடித்து வைத்திருப்பார். வானொலிக்காரர்களுக்கு அந்தப் பத்து விநாடிதான் நோட்டீஸ். 1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சுதந்திரச் செய்தியை டெல்லியிலிருந்து தமிழில் வாசித்தது பூர்ணம் விஸ்வநாதன். அவரையே நாம் சினிமாவில் வந்த அப்பா, தாத்தாவாகத்தானே ஞாபகம் வைத்திருக்கிறோம்? அவருக்கே அப்படி என்றால் என் மாமாவுக்கு என்ன.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'முதல் படம்' இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு மேலே மூன்று வரி சேருங்கள்: எந்தக் கம்பெனி அல்லது நிலையம், யார் வாத்தியார், என்னென்ன பார்ட். படத்துக்கே போகாதவர்களுக்கு ஒரு பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். பக்கம் போதாதென்றால் வாழ்த்துரைகளில் கை வையுங்கள், போன மலரில் அதுவே பதினெட்டுப் பக்கம் இருந்தது, எண்ணிப் பார்த்தேன்.

இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு ஆர்மோனியக்காரரின் மகள், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டீஸ்கள் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். போய்விட்டு வந்து மொத்தமாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் படிவத்தை இன்னும் நிரப்பாத ஒருவன்