கயலுக்கு, கேம்பர் ஒயரிங் பற்றி

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களை டிவியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். மலையும் ஏரியும் இருந்த படங்களை அம்மா எடுத்துக்கொண்டாள். பேட்டரிப் பெட்டி, ஃபியூஸ் பெட்டி, கட்டிலுக்கு அடியில் ஓடும் ஒயர்கள், இதெல்லாம் எனக்கு. பிக்கப் லாரியின் முதுகில் ஒரு குட்டி வீட்டையே ஏற்றி வைத்திருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்ற மனிதர் செய்துவைத்த ஒயரிங் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவின் பயம் எல்லாம் பேட்டரி மேல். லித்தியம் என்று கேட்டதும், 2021-இல் ஊட்லண்ட்ஸில் மின்தூக்கிக்குள் எரிந்த மின்சைக்கிள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் பவர் பேங்கைக்கூட ராத்திரியில் சார்ஜ் போட விடுவதில்லை. உன் பேட்டரியின் லேபிளைப் படித்துக் காட்டினேன்: லித்தியம் அயர்ன் பாஸ்பேட். மின்சைக்கிளில் வருகிற பல ரகங்களைவிட இது நிதானமானது, அவ்வளவு சீக்கிரம் கொதித்துத் தீப்பிடிக்காது. உங்கள் கனடாவின் கேல்கரி குளிரில் பேட்டரி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் சார்ஜ் ஏற்றாதே, கெட்டுவிடும். மற்றபடி பேட்டரியை நினைத்து நான் கவலைப்படவில்லை. அதிலிருந்து கிளம்பும் ஒயரை நினைத்துத்தான் கவலை.

"பன்னிரண்டு வோல்ட்தானே மாமா, ஷாக்கே அடிக்காதே" என்று மாப்பிள்ளை சொன்னார். சரிதான், ஷாக் அடிக்காது. ஆனால் தீ வைக்க வோல்ட் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, ஆம்பியர் இருந்தால் போதும். நம் வீட்டு மெயின் பெட்டியில் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே தட்டிவிடுகிற ஆர்சிசிபி இருக்கிறது. பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. இங்கே வளர்ந்த பிள்ளை நீ, சுவிட்சுக்குப் பின்னால் யாரோ காவல் இருக்கிறார்கள் என்றே பழகிவிட்டாய். உன் கேம்பரின் பன்னிரண்டு வோல்ட் பக்கத்தில் நாமே வைத்தால்தான் காவல்.

பேட்டரிப் படத்தைப் பார். பிளஸ் முனையிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் பிளைவுட்டில் போட்ட ஓட்டைக்குள் நுழைந்து, சிங்க் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. நடுவில் ஆறடி இருக்கும். அந்த ஆறடிக்கு ஒரு காப்பும் இல்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி, ஒயரின் தோல் தேய்ந்து, செம்பு ஏதாவது ஒரு இரும்பைத் தொட்டது என்று வை. ஃபியூஸ் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் அது வரைக்கும் வராது. பேட்டரி தன்னால் முடிந்த அளவு தள்ளும், ஒயர் முழு நீளத்துக்கும் பழுக்கும். அதனால்தான் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு விதிகள் பொதுவாக 7 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. அவர்களுடைய கேம்பர், கேரவன் வண்டிகளுக்கு 18 அங்குலம் வரை விடுகிறார்கள். நான் உனக்குச் சொல்வது ஒரு சாணுக்குள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் படகு விதியின் பக்கம்தான் சாய்வேன்.

எந்த ஃபியூஸ் என்பதும் முக்கியம். காரில் வருகிற சின்னத் தகட்டு ஃபியூஸ் சுமார் ஆயிரம் ஆம்பியர் வரைக்கும்தான் பத்திரமாக அறுக்கும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் அதற்கு மேல் எத்தனையோ மடங்கு பாயலாம். அப்போது உருகின ஃபியூஸுக்குள்ளேயே பொறி பாலம் போட்டுக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி வாயில் கிளாஸ் டி (ஆங்கில எழுத்து T) ஃபியூஸ் வை. அது 20,000 ஆம்பியரையும் அறுக்கும். விலை கூடத்தான், நான் அனுப்புகிறேன் காசு.

அடுத்து ஃபியூஸ் பெட்டிப் படம். இரண்டாவது வரிசையில் பச்சை நிறத்தில் ஒன்று இருக்கிறதே, அது 30 ஆம்பியர். அதிலிருந்து போகும் ஒயரின் தோலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், 14 ஏடபிள்யூஜி என்று அச்சடித்திருக்கிறது, ஒயரின் தடிமனைச் சொல்லும் அமெரிக்க அளவு அது. அதற்கு 15 ஆம்பியர்தான் போட வேண்டும், நீல நிறம். தண்ணீர் பம்ப் அடிக்கடி ஃபியூஸை எரித்ததாம், பெரிதாகப் போட்டதும் பிரச்சினை தீர்ந்ததாம், விற்றவர் பெருமையாகச் சொன்னார் என்று நீயே எழுதியிருந்தாய். பிரச்சினை தீரவில்லை அம்மா, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. ஃபியூஸ் பம்பைக் காப்பாற்ற வைத்தது இல்லை, ஒயரைக் காப்பாற்ற வைத்தது. நீலத்தைத் திரும்பப் போடு. எரிந்தால், ஏன் எரிகிறது என்று பம்பையும் ஒயரையும் பார்.

லாரி எஞ்சின் பக்கத்துப் பேட்டரியிலிருந்து கேம்பர் பேட்டரிக்குச் சார்ஜ் வருகிற ஒயரைப் பலரும் மறந்துவிடுவார்கள். அதற்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஆகவே இரண்டு முனையிலும் ஃபியூஸ்.

இவ்வளவு செய்தாலும் ஃபியூஸின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: தளர்ந்த இணைப்பு. உன் இன்வெர்ட்டர் 2,000 வாட். முழுதாக ஓடினால் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நட்டு கொஞ்சம் தளர்ந்து அந்த இடத்தில் ஒரு மில்லியோம் தடை கூடினால்கூட ஏறக்குறைய 30 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்னை மூடின பெட்டிக்குள் போட்டு வைத்த மாதிரி. கரண்ட் அளவுக்குள்தான் இருப்பதால் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பட்டறையில் நாங்கள் நட்டை முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். அடுத்த முறை பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். நீயும் இழு, சரளைக்கல் ரோட்டில் போய் வந்த பிறகெல்லாம் ஒரு பார்வை பார். ஒயர் ஓட்டைக்குள் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் போடு. இன்வெர்ட்டரை அரை மணி நேரம் ஓட்டி, அணைத்துவிட்டு, கேபிள் முனைகளுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார். ஒரு முனை மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கேதான் வேலை.

அப்புறம் வெளியே வரும் வழி. படத்தைப் பார்த்து அம்மாதான் கேட்டாள், "இதுக்கு ஒரே கதவா?" என்று. கதவு பின்னால், அடுப்பு கதவுக்குப் பக்கத்தில், நீங்கள் தூங்குவது லாரியின் தலைக்கு மேலே. தீயணைப்பானை ஏன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள்? கதவோரம் மாட்டு. கட்டிலுக்கு மேலே கூரையில் இருக்கும் மூடியைத் திறந்து, குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருவரும் ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். மாப்பிள்ளையின் தோளுக்கு அது போதுமா என்று எனக்குச் சந்தேகம். போதவில்லை என்றால் பக்கத்து ஜன்னல் முழுதாகத் திறக்கிறதா பார். புகை அலாரம் தூங்கும் பக்கம் மேலே, புரொபேன் காற்றைவிடக் கனம் என்பதால் கேஸ் அலாரம் தரையோரம், கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று. இங்கே 995-ஐ அழைத்தால் சில நிமிடத்தில் சிவப்பு லாரி புளோக்குக்குக் கீழே வந்து நிற்கும். நீங்கள் போகப்போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே மலைச்சாலை 232 கிலோமீட்டர், பெரும்பகுதியில் போனுக்குச் சிக்னலே கிடையாது.

வேலை செய்யும்போது மைனஸ் ஒயரை முதலில் கழற்று. மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஸ்பேனருக்கும் முனைக்கும் நடுவில் ஒரு வளையல் மாட்டினால் நொடியில் சிவந்துவிடும், கழற்றக்கூட நேரம் இருக்காது. தாலியைக் கழற்றச் சொல்கிறேனே என்று அம்மா முறைக்கிறாள். அப்படியென்றால் ஸ்பேனரை மாப்பிள்ளையிடம் கொடு, மோதிரத்தை நீ வாங்கி வைத்துக்கொள்.

சாமான் வந்ததும் வீடியோவில் கூப்பிடு. உனக்கு ராத்திரி ஒன்பது மணி என்றால் எனக்கு மறுநாள் காலை பதினொன்று, கோப்பிக்கடையிலிருந்து திரும்பியிருப்பேன். கேபிள் முனையை அழுத்தி முடித்ததும் ஒரு இழு இழுத்துக் காட்ட வேண்டும், நான் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடலாம்.

அன்புடன்,
அப்பா