உன் நாயகன் மட்டும் கண்ணை மூடவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதி அனுப்பிய நாவலை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். முதல் தடவை சிரிப்பதற்காக. இரண்டாம் தடவை, சிரிப்பு எந்தப் பக்கத்தில் நின்றுபோனது என்று தேடுவதற்காக. நீ கேட்டது தனிக் கடிதம். பொதுவில் போடட்டுமா என்று கேட்டதற்கு, "போடுங்க அக்கா, எங்க வீட்ல எல்லாரும் ஏற்கெனவே என்மேல கோபமாத்தான் இருக்காங்க" என்றாய். இந்த வரி நாவலில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் கடிதம் முழுக்கப் பேசப்போகிறேன்.

குடும்ப ஜெபக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேரும் முழங்காற்படியிட்டிருக்கிறார்கள். அம்மா ஆரம்பிக்கிறாள்: "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலர் குளியலறை விளக்கை அணைக்காமலே போகிறார்கள், அவர்களுடைய கண்களைத் திறந்தருளும்." அண்ணன் தன் முறை வந்ததும், "சின்ன விஷயத்தைப் பெரிதாக்காத இருதயத்தை இந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தாரும், கர்த்தாவே" என்கிறான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, போன மாத மின்கட்டணத்தைத் தேவனுக்கு விளக்கிச் சொல்கிறார். யாரும் யாரிடமும் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் பரலோகம் போய்த் திரும்பி வருகிறது. காது மந்தமான பாட்டி மட்டும் எல்லாருக்கும் பொதுவாக, சத்தமாக, ஆமென் போடுகிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முழங்கால் வலித்தவன் எழுதியது என்று பார்த்த உடனே தெரிகிறது.

அதைவிடப் பிடித்தது ஜெபக் கூட்டத்துக்கு உன் நாயகன் ஒத்திகை பார்த்துக்கொண்டு போகும் இடம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். அவனுக்கு முறை ஆறாவதாக வரும். நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், போதகரின் முதுகுவலி, நாட்டின் சமாதானம், மழை என்று ஐந்து குறிப்புகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். அவனுக்கு முன்னால் இருப்பவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் அவனுக்கு மிஞ்சியது மழை. வெளியே ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியும் அவன் மழை கேட்டு ஜெபிக்கிறான் பார், தம்பி, அங்கே அவன் எனக்குப் பிள்ளையாகிவிட்டான். அவன் ஒரு தாழ்வு மனப்பான்மைக்காரன் என்று நீ அந்தப் பக்கத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே வரவில்லை.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு என்ன செய்துவிட்டாய்? அவனைச் செய்தியாளன் ஆக்கிவிட்டாய். ஒவ்வொரு ஜெபத்திலும் அவன் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் வாய்க்கோணலையும் அத்தையின் பொய்க் கண்ணீரையும் நமக்குக் குறிப்பெழுதித் தருகிறான். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று அத்தியாயத்துக்கு நான்கு முறை சொல்கிறான். சொல்லிக்கொண்டே வீட்டில் அத்தனை பேரையும்விடப் புத்திசாலியாக இருக்கிறான். அவன் சொல்லும் கிண்டல் ஒன்றுகூடத் தவறிப்போவதில்லை. தன்மேல் நம்பிக்கையில்லாதவனுக்கு இவ்வளவு சரளமாகக் கிண்டல் வருமா? அவனுக்குப் பதில் நியாயமாக இரண்டு நாள் கழித்து, பல் துலக்கும்போது அல்லவா வர வேண்டும்?

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும். நானும் தங்கையும் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இரவு ஜெபத்தில் நான் மிகுந்த பக்தியோடு, "ஆண்டவரே, என் தங்கைக்குத் தாழ்மையைக் கற்றுத்தாரும்" என்றேன். அடுத்து அவள். "ஆண்டவரே, அக்கா இப்போது சொன்னதை அவளுக்கு மன்னியும், அவள் தெரியாமல் செய்கிறாள்" என்றாள். இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தையைக் கொண்டுவந்து என் தலையில் போட்டுவிட்டாள். ஆத்திரம் தாங்காமல் அவளை முறைப்பதற்காகக் கண்ணைத் திறந்தேன். அவள் கண் மூடித்தான் இருந்தது. அம்மாவின் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. கோபமாகவும் இல்லை அந்தப் பார்வை. பிறகு அவளே ஆமென் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து பாயை உதறினாள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

உன் நாவலில் அந்த அம்மா இல்லை. உன் நாயகன் எல்லாரையும் பார்க்கிறான். அவனை ஒருவரும் பார்ப்பதில்லை. கண்ணைத் திறக்கிற அதே நேரத்தில் எதிரே இன்னொரு ஜோடிக் கண் திறந்திருந்தால் அவன் கதி என்ன? நூற்றைம்பது பக்கம் வேடிக்கை பார்த்தவனின் காது மடல் அங்கேதான் சிவக்க வேண்டும். பாட்டியைக்கூட அதற்குப் பயன்படுத்தலாம். காது மந்தம் என்றுதானே சொன்னாய், கண் நன்றாகத் தெரியலாமே.

இப்படி ஒருவன் வேதாகமத்திலேயே இருக்கிறான். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தைக் கதையாக மட்டும் ஒரு தடவை வாசித்துப் பார். கிதியோன் கோதுமை போரடித்துக்கொண்டிருக்கிறான். காற்றடிக்கும் வெட்டவெளிக் களத்தில் செய்ய வேண்டிய வேலை. எதிரிகளான மீதியானியர் கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று திராட்சை ஆலையில் ஒளிந்து செய்கிறான். தலையெல்லாம் உமியோடு நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். தூதன் வந்து அவனைக் கூப்பிடுகிற பெயர்: "பராக்கிரமசாலியே!" இதைவிட நல்ல நகைச்சுவைத் தொடக்கம் எந்த நாவலாசிரியனுக்கு வாய்க்கும்? அவன் பதிலும் உன் நாயகனின் பதில்தான். மனாசே கோத்திரத்தில் என் குடும்பம் மிகவும் எளியது, என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன்.

அந்தத் தகப்பன் வீடு எப்படிப்பட்ட வீடு? பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் பலிபீடம் வைத்திருக்கிற வீடு. அதை இடிக்கச் சொல்லிக் கட்டளை வருகிறது. இவன் பத்து வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய் இடிக்கிறான். பகலில் செய்ய பயம். ஊருக்குப் பயம் என்பதோடு வேதம் நிறுத்தவில்லை. தகப்பன் குடும்பத்தாருக்கும் பயந்தான் என்று சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது. விடிந்ததும் ஊர் திரண்டு வாசலில் நிற்கிறது, உன் மகனை வெளியே விடு, அவன் சாக வேண்டும் என்று. இவன் வெளியே வந்து வீரவசனம் பேசினானா? அந்தக் காட்சியில் அவனுக்கு வசனமே கிடையாது. பேசுகிறவர் அப்பா. இடிபட்ட பலிபீடத்தின் சொந்தக்காரர். பாகால் தேவனானால் தனக்காகத் தானே வழக்காடட்டும், அவனுக்காக நீங்கள் ஏன் வழக்காடுகிறீர்கள் என்று ஊரையே மடக்கிவிடுகிறார் யோவாஸ். ராத்திரியெல்லாம் எந்த அப்பாவுக்குப் பயந்து நடுங்கினானோ, அந்த அப்பா.

இதற்குப் பிறகும் பையன் திருந்திவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். ராத்திரிப் பனியில் ஆட்டுத்தோலைப் போட்டு, தேவனுக்கே ஒரு சோதனை வைக்கிறான்: தோல் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும். நடந்தது. சரி, இப்போது தோல் காய வேண்டும், தரை நனைய வேண்டும். அதுவும் நடந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். மீதியானியரோடு போரிட அவனிடம் 32,000 பேரைக் கொடுத்து, அதை 300 ஆகக் குறைத்து, கையில் எக்காளமும் பானையும் தீவட்டியும் கொடுத்து அனுப்பியது தேவன் செய்த வேடிக்கை என்றே எனக்குத் தோன்றுகிறது. (பிற்பாடு அவன் குடும்பம் என்ன ஆனது என்று 9-ஆம் அதிகாரத்தில் பார். ஒரு மகன் தன் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் கொன்றுபோடுகிறான். எழுபது பேர் என்று கணக்கு, கடைசிப் பையன் ஒருவன்தான் ஒளிந்து தப்புகிறான். உன் நாவலின் சொத்துத் தகராறெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.)

"விசுவாசிகள் புண்பட்டுவிடுவார்களோ" என்று கேட்டிருந்தாய். சிலர் புண்படுவார்கள். இந்தச் சண்டை பழையது. கிறிஸ்து அழுததைச் சுவிசேஷங்களில் காண்கிறோம், சிரித்ததை எங்கும் காணோம் என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே யோவான் கிறிசோஸ்தோம் என்ற சபைப் பிதா பிரசங்கித்திருக்கிறார். அதே சபையில்தான் பிற்காலத்தில் ஜெர்மானியப் பகுதிக் குருமார் ஈஸ்டர் பிரசங்கத்தில் கோமாளிக் கதை சொல்லி ஜனங்களைச் சிரிக்க வைத்தார்கள், உயிர்த்தெழுந்த நாளில் சிரிக்காமல் வேறு எப்போது சிரிப்பது என்று. அதைத் தாங்க முடியாமல் எக்கோலம்பாடியுஸ் என்ற சீர்திருத்தக்காரர் 1518-இல் "ஈஸ்டர் சிரிப்பைப் பற்றி" என்றே கண்டனம் எழுதி அச்சிட்டார். நீ எந்தக் கட்சி என்று முடிவு செய்துகொள். நான் ஆபிரகாமின் மனைவி சாராளின் கட்சி. முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்றதைக் கேட்டுக் கூடாரத்துக்குள் நின்று நகைத்தாள், ஏன் நகைத்தாய் என்றதும் நகைக்கவில்லை என்று மழுப்பினாள், பிறந்த பிள்ளைக்கு நகைப்பு என்றே பொருள்படும் பெயர் விழுந்தது.

குடும்பத்தைக் கேவலப்படுத்துகிறோமோ என்ற உன் கவலைக்கு மாற்கு 3:21 போதும். இயேசுவின் சொந்த இனத்தாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி, பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். அதைச் சுவிசேஷத்திலிருந்து யாரும் வெட்டிவிடவில்லை.

ஒன்றை மட்டும் நீயே வெட்டிவிடு. திக்கிப் பேசும் மாமா. அவர் சாட்சி சொல்ல எழுந்திருக்கும்போதெல்லாம் சபை கடிகாரத்தைப் பார்க்கிறது என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். மாமா என்ன தவறு செய்தார்? அப்பா சபையில் வரவேற்பாளராக நின்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கைகொடுத்துச் சிரித்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துச் சிரிப்பையும் கழற்றி விடுகிறாரே, அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவிடம் வரவில்லை. வேண்டுமானால் இப்படிச் செய்: மாமா திக்கித் திக்கி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்கிற ஒரே ஆள், கோவிலுக்கே வராத நாயகனின் அண்ணனாக இருக்கட்டும்.

இனி முடிவு. கடைசி இருபத்திரண்டு பக்கத்தில் எல்லாரும் திருந்துகிறார்கள். அப்பா அழுகிறார், அம்மா அழுகிறாள், அண்ணன் ஓடிவந்து முழங்காற்படியிடுகிறான், அத்தை சொத்துப் பத்திரத்தைக் கிழிக்கிறாள், நாயகனுக்குத் தன்னம்பிக்கை வருகிறது, வேலையும் வருகிறது. மாமாவுக்குத் திக்கல்கூடப் போய்விடுகிறது. நீ பயந்துபோய் எழுதியது இது. இவ்வளவு நேரம் சிரித்ததற்குப் பிராயச்சித்தம் போல இருக்கிறது. இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையை எடுத்துப் பார். சொத்தையெல்லாம் அழித்த இளையவன் திரும்பி வந்துவிட்டான், உள்ளே விருந்து நடக்கிறது. மூத்தவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தியழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை. அடுத்த வசனத்திலேயே வேறு உவமை ஆரம்பித்துவிடுகிறது. நீயாக இருந்திருந்தால் அவனை உள்ளே தள்ளி, ஒரு தட்டையும் கையில் கொடுத்து, தம்பியோடு சேர்ந்து ஒரு பாட்டும் பாட வைத்திருப்பாய்.

உன் முடிவு ஏற்கெனவே 161-ஆம் பக்கத்தில் இருக்கிறது. நீதான் கவனிக்கவில்லை. ஆராதனையில் பையன் செய்த குளறுபடிக்காகச் சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறார்கள். பையன் சமையலறைக் கதவுக்குப் பின்னால். அப்பா அவர்களிடம், "அவன் என் மகன். கேட்க வேண்டியதை என்கிட்ட கேளுங்க" என்கிறார். அவர்கள் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, "குளியலறை லைட்டை அணைச்சியா?" என்கிறார்.

அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வரும் பக்கங்களைத் தனியாக எடுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். வரும்போது வாங்கிக்கொள். மாமா வருகிற பக்கங்களில் மூலையை மடித்திருக்கிறேன், அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா