பெங்களூர் அல்சூர் அரங்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அரங்கம் திறந்துவிட்டது. நடுவில் என்னென்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். இப்போதைக்கு நன்றி மட்டும். அதிலும் முதல் நன்றி அரங்கத்துக்குத் திரை தைத்துக் கொடுத்த சிவாஜிநகர் தையற்கடை பாய்க்கு. பெயர் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை.

அவர் செய்தது என்ன என்று புரிய, அரங்கத்தின் அளவைச் சொல்ல வேண்டும். 10 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம். பூசிய சுவர், கல் தரை, கான்கிரீட் கூரை. மூன்றுமே சத்தத்தை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. கணக்குப் போட்டால், காலி அரங்கில் ஒரு கைதட்டல் முழுசாக அடங்க 4 விநாடிக்கு மேல் ஆகும். பேச்சுக்கு அது 1 விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் வந்த எழுத்தின் ஓசை அடங்குவதற்குள் அடுத்தது அதில் முங்கிப்போகும். கடையும் கதையும் ஒன்றாகக் கேட்கும். நல்ல மைக் வாங்கினால் போதும் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. மைக் பேச்சோடு முழக்கத்தையும், அதாவது சுவரில் பட்டுத் திரும்பி அடங்காமல் நிற்கும் ஓசையையும், சேர்த்தே பெரிதாக்கும், அதற்கு வேறு வழி தெரியாது.

இப்படிப்பட்ட அரங்கை விட்டு முதலில் நழுவுகிறவர்கள் காது மந்தமான பெரியவர்கள். காதுக் கருவிக்கும் மைக்கின் குணம்தான். அடுத்தவர்கள், மேடையில் பேசும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்கள். தாய்மொழியில் பாதி காதில் விழுந்தாலும் மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும், பிறமொழியில் அது நடக்காது. பெங்களூரில் அப்படிப் பார்த்தால் யார்தான் மிச்சம்? கன்னட நாடகத்துக்குத் தமிழர் வருகிறார், தமிழ்ப் பேச்சுக்குத் தெலுங்குக்காரர் வருகிறார், பக்கத்துத் தெரு உருதுக்காரர் எல்லாவற்றுக்கும் வருகிறார். வாசலில் எத்தனை மொழியில் நல்வரவு எழுதினாலும், உள்ளே வார்த்தை புரியவில்லை என்றால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

இதற்கு மருந்து, ஜன்னல் இல்லாத நீளச் சுவருக்குக் கனமான திரை. கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது 32 மீட்டர் வெல்வெட். 54 அங்குல அகலத் துணியில் எட்டு பட்டை; உயரம் 3.6 மீட்டர், மேல் மடிப்பும் அடி மடிப்பும் சேர்த்துப் பட்டைக்கு 4 மீட்டர். சுவரை மூட அது சரியாகப் போதும். பாய் துணியையும் சுவரையும் பார்த்துவிட்டு, தைக்க மாட்டேன் என்றார். "இழுத்துத் தைச்சா பேனர் மாதிரிதான் தொங்கும் சார், சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணுக்கு ரெண்டு விடணும்." பாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களுக்குத் திரை தைத்த கை அது.

அவர் சொன்னதை ஒலியியல் அட்டவணைகளும் அப்படியே சொல்கின்றன. லேசான வெல்வெட்டை விறைப்பாகத் தொங்கவிட்டால் 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மோதும் ஒலியில் 17 சதவீதத்தைத்தான் அது விழுங்கும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ கனமுள்ள துணியை இரட்டை அகலம் கொடுத்துக் கொசுவி விட்டால் 75 சதவீதம். ஒரே சுவர், திரை மாட்ட ஒரே தண்டவாளம். இரட்டை அகலம் என்றால் பதினைந்து பட்டை, 60 மீட்டர். குறைந்த 28 மீட்டரை அவர் கடைக் கையிருப்பிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்துவிட்டார். பில்லில் அது வரவே இல்லை. நிறம் அரைப் புள்ளி மாறுகிறது என்று அவருக்கு வருத்தம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்கிறவர்கள் நாடகத்தைப் பார்க்கட்டும்.

இப்போது திரையை மூடினால் காலி அரங்கில் முழக்கம் ஏறத்தாழ 1.3 விநாடி. ஐம்பது பேர் உட்கார்ந்தால் 1 விநாடிக்கும் கீழே, ஏனென்றால் மனிதர்களும் துணி கட்டியவர்கள்தான். 1895இல் ஹார்வர்டில் ஒரு புது விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று இளம் பேராசிரியர் வாலஸ் சபைனைக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். இன்றும் போடுகிற கணக்கு அவர் போட்டதுதான். மெத்தையாக இருந்தாலும் திரையாக இருந்தாலும் வேலை ஒன்றே.

திரையைக் கையாளப் போகும் தன்னார்வலர்களுக்கு பாய் சொல்லிவிட்டுப் போனதையும் எழுதிவிடுகிறோம். துணி மட்டும் 40 கிலோ, அதனால் தண்டவாளம் கான்கிரீட்டில் 60 செ.மீ.க்கு ஒரு போல்ட் வைத்துப் பிடித்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டு அதில் மாட்டியிருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். சுவருக்கும் திரைக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளி உண்டு, அதில் நாற்காலி அடுக்காதீர்கள். அடிவிளிம்பு தரையிலிருந்து 3 செ.மீ. தூக்கியே இருக்கட்டும், மாப் தண்ணீர் பட்டால் பூஞ்சை பிடிக்கும். தீத்தடுப்பு மருந்து தெளித்த துணி. துவைத்தால் மருந்து போய்விடும், வாக்யூம் மட்டும் போடுங்கள். பேச்சு, நாடகம், பறை, தவில் என்றால் முழுசாக மூடுங்கள். வீணைக்கும் தனிக் குரலுக்கும் பாதி திறந்தால் ஓசைக்குக் கொஞ்சம் உயிர் கிடைக்கும்.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். வாசலின் 30 செ.மீ. படிக்கு 3.6 மீட்டர் நீளச் சாய்தளம்தான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்ற மேஸ்திரி அண்ணன் (இடத்தை மிச்சம் பிடிக்க 2.4 மீட்டரில் முடிக்கச் சொன்ன யோசனையை ஏற்றிருந்தால் சக்கர நாற்காலி பின்னால் சாயும் ஆபத்து இருந்திருக்கும்), பளபளப்பான கல் மழையில் வழுக்கும் என்று நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய சாதரஹள்ளிக் கல்லைத் தேடித் தந்த கல்பட்டறைக்காரர், சட்டப்படி 60 சதவீதம் கன்னடம் வைத்து, மிச்ச இடத்தில் தமிழையும் உருதுவையும் நெரிசல் இல்லாமல் எழுதிய பலகைக்காரர், வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகத்தின் மேசையை வாசலிலிருந்து பக்கச் சுவருக்கு நகர்த்தச் சொன்ன பூக்கார அக்கா, நேரம் பார்க்காமல் டீ அனுப்பிய ஏரிக்கரைக் கடை. ஒவ்வொருவருக்கும் தனி மடல் வரும்.

ஜே.பி. நகர் ரங்கசங்கரா அரங்கில் நாடகம் பார்க்காதவர்களும் காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். சௌடையா அரங்கம் போல வயலின் வடிவில் கட்ட நமக்கு வசதி இல்லாவிட்டாலும், ரங்கசங்கராவிடமிருந்து அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். நிகழ்ச்சி இல்லாத நாளிலும் முன்கூடத்து விசிறியும் குடிதண்ணீரும் கழிப்பறையும் தெருவுக்குத் திறந்தே இருக்கும். இது எங்கள் வாக்கு.

ஒன்று பாக்கி. மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப்பக்கம் இன்னும் குமுறுகிறது. தாழ்ந்த ஒலியைத் துணி பிடிக்காது, 125 ஹெர்ட்ஸில் இதே திரை 10 சதவீதம்கூட விழுங்குவதில்லை. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை 10 செ.மீ. சட்டத்தில் அடித்து, உள்ளே ராக்வூல் என்கிற கல்பஞ்சு வைத்துப் பின்மூலைகளில் நிறுத்தினால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கட்டுப்படும். நாலு ஷீட் தருகிறேன் என்று மரக்கடை அண்ணன் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்கூட்டியே நன்றி. ஷீட் 8 அடிக்கு 4 அடி, ஓரம் உப்பாததாகப் பார்த்து எடுத்து வையுங்கள் அண்ணா, வண்டி நாங்கள் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அரங்கக் குழுவினர்