சேலை இருக்கட்டும், முதலில் ஜாக்கெட்டைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘கேப்சூல் வார்ட்ரோப்’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். துணி குறைவாக இருக்கட்டும், இருப்பது ஒன்றோடொன்று மாற்றிப் போடும்படி இருக்கட்டும், நமக்கு எடுப்பாக இல்லாததைக் கழித்துவிடுங்கள் என்கிற யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கூடவே ஒரு பட்டியல் போட்டிருந்தீர்களே, வெள்ளைச் சட்டை, கறுப்பு கவுன், முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கோட்டு, கம்பளி ஸ்வெட்டர் என்று, அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம். சித்திரை மாதத்து மத்தியானத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கோட்டோடு நிற்கிற பெண்ணை நினைத்துப் பார்த்தேன், பாவமாக இருந்தது.

நான் இந்த ஊரில் ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பவள். டீச்சர்கள், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், நர்ஸுகள், கல்யாணப் பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். பெண்கள் பீரோவில் என்ன இருக்கிறது, அதில் எதைக் கட்டுகிறார்கள், எதைக் கட்டாமலே வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டுக்காரருக்குத் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். இந்த யோசனை 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்ற அம்மாவிடமிருந்து வந்ததாம். அப்புறம் 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் ஏழே உருப்படிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி ஒரு தொகுப்பு கொண்டுவந்தாராம், அதிலிருந்துதான் எங்கும் பரவியது. சரி. அவர்கள் குளிர் ஊர்ப் பெண்களுக்குச் சொன்னார்கள். அதைவிட முக்கியம், தன் துணியைத் தானே கடைக்குப் போய், தானே பார்த்து, தானே எடுக்கிற பெண்களுக்குச் சொன்னார்கள். நம் கதை அப்படியா?

நம் பீரோவில் இருக்கிற சேலைகளில் நாமே தேர்ந்தெடுத்தது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் எடுத்தது, வளைகாப்புக்கு அம்மா வீட்டில் எடுத்தது, கிரகப்பிரவேசத்துக்கு வைத்துக் கொடுத்தது, நாத்தனார் ஆடித் தள்ளுபடியில் ஒரே மாதிரி நான்காக வாங்கி ஒன்றை நம் தலையில் கட்டியது, கணவர் தீபாவளிக்கு யாரையும் கேட்காமல் வாங்கி வந்த ரோஸ் கலர். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒருதரமாவது கட்டிக் காட்டவில்லை என்றால் வருத்தப்படுவார்கள். ‘பிடிக்காததைக் கொடுத்துவிடுங்கள்’ என்று கட்டுரையில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், மாமியார் எடுத்துக் கொடுத்த பட்டை யாருக்குக் கொடுப்பது, அதையும் எழுதியிருக்கலாம்.

அதனால் நான் சொல்வது இதுதான். சேலை வருவதை நாம் தடுக்க முடியாது. ஜாக்கெட் மட்டும் நம் கையில் இருக்கிறது, ஆகவே நம் ஊர்ப் பெண் தன் பீரோவை ஒழுங்கு பண்ண நினைத்தால் ஜாக்கெட்டில் ஆரம்பிக்க வேண்டும். நன்றாகப் பொருந்துகிற ஆறு ஜாக்கெட் இருந்தால் போதும், முப்பது சேலையைக் கட்டிவிடலாம். இப்போது நடப்பது தலைகீழ். முப்பது சேலை, முப்பது மேட்சிங் ஜாக்கெட், அதில் இருபத்தைந்து போட முடியாதபடி இறுக்கம். சேலை அப்படியே புதிதாகத் தூங்குகிறது.

இந்த மேட்சிங் பைத்தியம் ஆதியிலிருந்து இருந்ததில்லை. எங்கள் அம்மா காலத்தில் பல நூல் சேலைகள் ஐந்தரை மீட்டரோடு முடிந்துவிடும், ஜாக்கெட் துணி கூடவே வராது. மேட்சிங் சென்டரில் டூ பை டூ துணியில் அரக்கு, கறுப்பு, வெள்ளை, பாட்டில் பச்சை என்று நாலைந்து எடுத்துத் தைத்து வைத்துக்கொண்டு, எல்லாச் சேலைக்கும் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பாருங்கள், உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர் எதிர் நிறம், அந்தக் கரைக்கென்று தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தனியாக ஓட்டி, கூட ஒரு ஆளை உட்காரவைத்து நெய்கிறார்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கியில் மஞ்சளும் அரக்கும் கறுப்பும் கட்டம் கட்டமாக முட்டிக்கொண்டு நிற்கும், 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் சேலைதான். எதிர் நிறத்தை இவ்வளவு ரசித்த ஊரில் ஜாக்கெட் மட்டும் ஏன் சேலைக்குள் கரைந்துபோக வேண்டும்?

நிறம் எடுக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலைகளையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் போடுங்கள். உடல் நிறத்தைப் பார்க்காதீர்கள், கரையையும் முந்தானையையும் மட்டும் பாருங்கள். திரும்பத் திரும்ப எந்த நிறம் வருகிறதோ அதில்தான் முதல் ஜாக்கெட். பெரும்பாலான வீடுகளில் அரக்கு வரும், அல்லது ஜரிகையின் பழுத்த தங்க நிறம். பழைய தங்க நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட் இருந்தால் ஜரிகை வைத்த எந்தச் சேலைக்கும் போகும், கல்யாண சீசனை அந்த ஒன்றே ஓட்டிவிடும். கறுப்பு ஒன்று கட்டாயம். நல்ல காரியத்துக்குக் கறுப்பா என்று முகம் சுளிக்கிற வீடாக இருந்தால் கருநீலம். சந்தன நிறம் ஒன்று, கரும்பச்சை ஒன்று, பூப்போட்டதோ கட்டம் போட்டதோ ஒன்று. வெளிர் சாம்பல், வான நீலம் இவற்றை மட்டும் தினசரி ஜாக்கெட்டுக்கு எடுக்காதீர்கள், அக்குள் வியர்வை முதலில் தெரிவது அதில்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தனக்கு என்ன பாணி பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கட்டுரையில் ஏதோ கேள்வி-பதில் வைத்திருந்தீர்கள், உங்களுக்குப் பிடித்தது மலையா கடலா என்றெல்லாம். அது எதற்கு? சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் துணியைப் பார்த்தால் போதும். ஃபால்ஸ் தேய்ந்து, கிழிந்து, மாற்றித் தைக்கச் சொல்லிக் கொண்டு வருகிறார்கள் பாருங்கள், அந்தச் சேலைதான் அவர்களுடைய சேலை. எத்தனை ஆயிரம் கொடுத்து எதை வாங்கியிருந்தாலும், அவசரமான காலையில் கை தானாகப் போவது அதற்குத்தான். அது என்ன துணி, எவ்வளவு அகலக் கரை, கஞ்சி போட்டதா வழவழவென்று விழுவதா என்று பார்த்தால் அடுத்து எதை வாங்குவது என்று தெரிந்துவிடும். என்னிடம் வருகிற ஒரு டீச்சரம்மாவுக்கு வருஷா வருஷம் சின்னக் கரை போட்ட சின்னாளபட்டிச் சேலைகள்தான் ஃபால்ஸ் மாற்ற வரும். அவர் உயரம் குறைவு. அகலக் கரை ஆளைப் பாதியில் வெட்டிக் காட்டும், சின்னக் கரை கீழே அடக்கமாக நின்றுகொள்ளும். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இனி அளவு. எடுப்பாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது, நிறத்தில் பாதிகூட இல்லை. அளவு ஜாக்கெட் என்று ஒன்றைக் கொண்டு வந்து கொடுப்பார்கள், அது மூன்று வருஷத்துக்கு முன்னால் தைத்தது, அதுவே தோளில் இறங்கி மார்பில் இழுத்துக்கொண்டிருக்கும், ‘இதே மாதிரி’ என்பார்கள். அதே மாதிரி தைத்தால் அதே குறைகளோடுதான் வரும். உடம்பில் டேப் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள், வழக்கமாகப் போடுகிற பிராவைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அது மாறினால் மார்பளவும், வளைவுக்காகப் பிடிக்கிற டாட் மடிப்பு வைக்கிற இடமும் மாறிவிடும். தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும், அதைத் தாண்டி வழிந்தால் ஆளே தளர்ந்தது போலத் தெரிவார்.

கைக்குழி, அதாவது கையை இணைக்க அக்குளில் வெட்டுகிற வளைவு, அந்த விஷயத்தில் எல்லாருக்கும் தப்பான நினைப்பு. கை தூக்க முடியவில்லை, கைக்குழியை இன்னும் இறக்கிவிடுங்கள் என்பார்கள். இறக்க இறக்கத்தான் கை தூக்க முடியாமல் போகும். குழி ஆழமாக இருந்தால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மொத்தமும் கூடவே மேலே வரும், வயிறு தெரியும். அக்குளை ஒட்டி, ஆனால் அறுக்காமல் வெட்டினால் கை தனியாக அசையும், உடம்புத் துணி இடத்தைவிட்டு நகராது. போர்டில் எழுதுகிற டீச்சர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கையின் நீளமும் அப்படித்தான். கை எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்க்கிறவர் கண் நிற்கும். மேல்கை பருமனாக இருப்பவர்கள், அதன் அகலமான இடத்தில் போய் கையை முடித்தால் அகலத்தைத்தான் காட்டும். இரண்டு அங்குலம் இறக்கி முழங்கைக்குக் கிட்டே கொண்டுபோனால் போதும். முதுகில் கழுத்தை ஆழமாக இறக்கினால் தோள் நழுவும், கயிறு வைக்காமல் நிற்காது, தினசரிக்கு அது தொல்லை.

பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாலு ஓரம், மூன்று அங்குலம் வரை பிரித்து விடலாம். உடம்பு ஏறும், இறங்கும், பிள்ளை பெறும், மாத்திரை சாப்பிடும், அதற்கெல்லாம் புது ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்க முடியாது. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைப்பதையும் விடுங்கள். லைனிங் துணியை ஊறவைத்துக் காயப்போட்டு வெட்டினார்களா என்று கேளுங்கள். கேட்டால் சில தையல்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஊறவைக்காத லைனிங் முதல் துவைப்பில் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும், அதை எந்த அயர்ன் பாக்ஸும் சரிசெய்யாது.

சேலையோடு வருகிற துணியைத் தைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பல மென்பட்டுகளில் அது தையலில் பிரிந்துவிடும். உள் முனையில் இருந்தால் வெட்டாமல் அப்படியே விடுங்கள், அந்த 80 சென்டிமீட்டர் இடுப்பு அகலமானவர்களுக்கு இன்னும் ஓரிரு கொசுவம் கொடுக்கும்.

ஒரு விஷயம் எனக்கு எரிச்சலூட்டுவது. துணிக்கடைகளில் கறுப்பான பெண் வந்தால் கைநீட்டி வெளிர் ரோஸையும் கிரீமையும் எடுத்துப் போடுவார்கள், ‘உங்க கலருக்கு டார்க் எடுக்காதும்மா’ என்று வேறு சொல்வார்கள், கூட வந்த அத்தையும் ஆமாம் என்பார். கடுகு மஞ்சளும் அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் கறுத்த உடம்பில் நிற்கிற மாதிரி எந்த உடம்பிலும் நிற்காது. தினம் டிரையல் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு சொல்கிறேன். உங்கள் இணைப்பில் வந்த ‘சருமத்துக்கேற்ற நிறங்கள்’ பெட்டியிலும் மாநிறத்துக்கு அப்பால் யாரும் இல்லை, படத்தில் இருந்த ஐந்து பெண்களில் ஒருவர்கூட எங்கள் தெருப் பெண் மாதிரி இல்லை.

சுடிதார் போடுகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் பாடு சுலபம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2019இல் வந்த அரசாணையே ஆபீஸுக்குச் சேலையோடு சுடிதாரையும் துப்பட்டாவோடு ஒத்துக்கொண்டுவிட்டது. செட்டாக வாங்காமல் டாப்ஸைத் தனியாகவும், பேண்ட்டைக் கறுப்பு, அரை வெள்ளை, அரக்கு என்று மூன்று நிறத்தில் தனியாகவும் வாங்கினால் வேலை முடிந்தது. திருப்பூர் லெகிங்ஸ் மலிவுதான், ஆனால் வெயில் காலத்தில் காட்டன் பேண்ட் தைத்துப் போட்டுப் பாருங்கள். ஆண்களைப் பற்றி எழுதவே வேண்டாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று அவர்கள் எப்போதோ இந்தக் கேப்சூலை விழுங்கிவிட்டார்கள், அரசியல்வாதிகள் முதற்கொண்டு.

செலவு என்று வரும்போதுதான் வேடிக்கை. கல்யாணத்துக்கு ஆரி வேலை ஜாக்கெட்டுக்குப் பல ஆயிரம் யோசிக்காமல் கொடுக்கிறார்கள், அது ஒரு ரிசப்ஷன், ஒரு ஃபோட்டோ, அதோடு சரி, கல்லும் மணியும் வைத்ததைத் துவைக்கவும் முடியாது. வாரம் இரண்டு தடவை போடப்போகிற லைனிங் ஜாக்கெட்டுக்கு 500 ரூபாய் சொன்னால், போன தடவை நானூறுதானே என்று அரை மணி நேரம் நிற்பார்கள். நான் எனக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. இழுத்தால் நீள்கிற ரெடிமேட் ஜாக்கெட்டைவிட, பொருந்தத் தைத்த ஒன்று பல வருஷம் கூட உழைக்கும். அந்த ரெடிமேட் நம் ஊர் வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொண்டு படுத்துகிற பாடு போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த தடவை இப்படி ஒரு இணைப்புப் போடும்போது கோட்டும் கவுனும் வேண்டாம், உடம்பில் எங்கெங்கே டேப் வைத்து ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் படம் போட்டு விளக்குங்கள், வெட்டி பீரோ கதவில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. படத்துக்கு 40 சைஸ் போடுகிற ஒரு பெண்ணை நிறுத்துங்கள். வாசகிகளுக்கும் ஒன்று. தீபாவளிக்கு முந்தின வாரம் ஆறு ஜாக்கெட்டோடு எந்தத் தையல்காரியிடமும் போகாதீர்கள், அவசரத்தில் எதுவும் பொருந்தாது. ஆடியில் கல்யாணம் இல்லை, எங்களுக்கும் கை காலியாக இருக்கும், அப்போது வாருங்கள். முதலில் ஒன்றை மட்டும் தைத்து, துவைத்து, ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்ற ஐந்தையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
திண்டுக்கல்