தாத்தா காலத்துத் துப்பாக்கியும் எங்கள் கடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பழைய துப்பாக்கியைக் கொண்டுபோனால் கடைக்காரரே போலீசில் மாட்டிவிடுவார்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. அதை நம்பாமல் எங்களிடமே கேட்ட உங்களுக்கு முதலில் நன்றி. பேசாமல் இருந்தால் உண்மை என்றாகிவிடும், அதனால்தான் இந்த மடல்.

உரிமம் இல்லாத துப்பாக்கியை நாங்கள் பழுதுபார்க்கும் வேலைக்கு எடுப்பதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். நடந்தது அவ்வளவே. வேலைக்கு எடுத்த துப்பாக்கிகளின் பதிவேட்டை ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்டுகிறோம். அது எங்கள் உரிமத்தின் நிபந்தனை. எடுக்காத துப்பாக்கி அதில் ஏறாது.

"நூறு வருஷப் பழசுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று கேட்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். நிப்பிள் (குழலின் அடியில் கேப் மாட்டும் சிறு முனை) அடைத்திருப்பதும் குதிரையின் (கேப்பை அடிக்கும் சுத்தியல்) ஸ்பிரிங் முறிந்திருப்பதும் அந்தக் கணக்கில் வராது, இரண்டும் மாற்றக்கூடியவை. வயது பேசாது, குழல்தான் பேசும். அமெரிக்காவில் 1898 வரை செய்தவையும், குழலின் முன்வாயில் வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளின் நகல்களில் பெரும்பாலானவையும் அந்நாட்டின் 1968 கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருவதில்லை. யூடியூபில் பார்ப்பது அதைத்தான். இங்கே நேற்று செய்த எஸ்.பி.எம்.எல்.லுக்கும் (முன்வாயில் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி) உரிமம் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. உரிமம் பார்க்காமல் துப்பாக்கியைக் கையில் கொடுப்பவருக்கு 29-ஆவது பிரிவு இருக்கிறது. "ஸ்பிரிங் மட்டும் போட்டுக் கொடுங்க" என்றால் எப்படிக் கொடுப்பது?

உரிமதாரர் காலமாகிவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்துக் காவலுக்கு வாங்கிய உரிமம் வேட்டைக்கு அனுமதி ஆகாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம்.

பரணிலிருந்து இறக்கும் துப்பாக்கியில் பல நேரம் மருந்து இருக்கும். ஈரம் படாத கருமருந்து (இந்தத் துப்பாக்கிகளில் போடும் பழைய வகை வெடிமருந்து) எத்தனை வருடமானாலும் வெடிக்கும். குழல்வாய்க்கு நேரே நிற்காமல், கெட்டிக்கும் குச்சியை உள்ளே மெதுவாக விட்டு, வாய் விளிம்பு வரும் இடத்தில் குச்சியில் அடையாளம் போடுங்கள். எடுத்து, அந்த அடையாளம் குழல்வாய்க்கு நேராக வரும்படி வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால் குச்சியின் முனை நிப்பிள் அடிவரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டாதீர்கள், தொலைபேசியில் சொல்லுங்கள்.

உரிமதாரர்கள் செய்யும் பெரிய தவறு, சுட்டபின் எண்ணெய் மட்டும் தடவி வைப்பது. கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெய்க்கு அடியிலேயே துரு பிடிக்கும். சாதாரண மெஷின் எண்ணெயோ அந்தக் கசடோடு கலந்து தார் போல இறுகிவிடும். அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, துணி கறுக்காமல் வரும்வரை துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் போடுங்கள். தோட்டாத் துப்பாக்கியின் புகையில்லா மருந்தைக் கருமருந்துத் துப்பாக்கியில் போடவே கூடாது. குழல் வெடிக்கும், கை போகும்.

குழல் வேலை பார்த்த மூத்த மெக்கானிக் ஓய்வு பெற்றுவிட்டதால் வேலைக்குச் சற்று நாளாகும். கூலியும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கி ஒப்படைப்பு வரிசையில் பொறுமையாக நின்றவர்களுக்கும், தலைமுறை தாண்டி எங்களை நம்பும் மலையடிவாரத் தோட்டக்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. வரும்போது அசல் உரிமத்தைக் கொண்டுவாருங்கள், நகல் போதாது.

அன்புடன்,
கடை உரிமையாளர்